நாலுக்கு மேல் மார்க் இல்லை

மார்ச் 3, திங்கள்
நிட்டிங் மெஷினை ஓடவிட்டு நூலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மெஷின் சுற்றியது, ஷெட் சுற்றியது, கூடவே நானும். விழாமலிருக்கப் பக்கத்துத் துணி ரோலைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். கண்ணை மூடி, கன்னத்தை வைத்து.
"ஏனுங்ணா, ஊட்ல அக்காகிட்டச் சொல்லட்டுங்களா?" என்றான் ஹெல்பர் அருள்செல்வன்.
அருள்புரம் முழுக்க இப்போது எனக்கும் ரோலுக்கும் கல்யாணம்.

மார்ச் 6
காதுக்குள் இருக்கும் ரசமட்டம் பிசகிவிட்டதாம். டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. ஃபிட்டரான எனக்குப் புரிகிற மாதிரி நானே மாற்றிக்கொண்டேன். மாத்திரையோடு பயிற்சிக்கும் போகச் சொன்னார்.

மார்ச் 8, சனி
பயிற்சி கொடுக்கிற பொண்ணு பேர் அன்புசெல்வி. முதலில் என் பயத்தை அளக்கணுமாம். குளிக்கும்போது, படி இறங்கும்போது, ஈரத்தரையில், கூட்டத்தில் — விழுந்துவிடுவோம் என்று எவ்வளவு பயம்? இல்லையென்றால் ஒன்று. ரொம்ப என்றால் நாலு.
எல்லாவற்றுக்கும் "ஒண்ணு போட்டுக்குங்க" என்றேன்.
கூட வந்த என் சம்சாரம் பழனாத்தாள் விடுவாளா? "ஒண்ணாம்! தாப்பாப் போடாம, பாடிட்டே குளிக்கறாருங்க. பாட்டு நின்னா நான் ஓடி வரோணுமாம்."
அவளைக் கூட்டிப்போனது தப்பு.

மார்ச் 16, ஞாயிறு
விடிகாலையில் ஒரு கனவு. மெஷினுக்கு அடியில் குழாய் மாதிரி இறங்குமே பனியன் துணி, அதற்குள் விழுந்துகொண்டிருக்கிறேன். எங்கும் வெள்ளை வெளிச்சம். நான் விழ விழத் துணி கீழே வளர்ந்துகொண்டே போகிறது. தரை வரவில்லை. பயமும் வரவில்லை. சிரித்துக்கொண்டே விழுந்தேன்.
எழுந்தால் தரை இருக்கிறது.
பிரசவத்துக்கு வந்திருக்கும் மகள் வினிதா, "அப்பா, அக்ஷராவைச் சித்த வாங்குங்க" என்று குழந்தையை நீட்டினாள்.
"கையெல்லாம் ஆயிலு கண்ணு."
"ஞாயித்துக்கெழம ஏதுங்கப்பா ஆயிலு?"

மார்ச் 17
பழனாத்தாள் சொன்னாள்: "பொட்டப்புள்ளைன்னு அப்பாவுக்குப் புடிக்கலையான்னு கேட்டு அழுவறா."
ஐயோ. என்னடா பண்ணி வெச்சிருக்கே?

மார்ச் 22, சனி
பயிற்சிக்குத் தனியாகப் போனேன். பழைய மார்க்கை அழிக்கச் சொன்னேன். மூணு, நாலு, நாலு... பத்தாவதில்கூட இப்படி வாங்கினதில்லை.
"இதுல இல்லாதது ஏதாச்சும் இருக்குங்களா?"
"பேத்தியத் தூக்கறதுங்க."
"அதுக்கு எத்தனைங்க?"
"நாலுக்கு மேல உங்ககிட்ட இல்லீங்களே."
அந்தப் பொண்ணு சிரிக்கவில்லை. முதலில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து தூக்கச் சொன்னது. நடந்து பழக, பேத்திக்குப் பதில் தலையணை.

ஏப்ரல் 2
விஷயத்தைச் சொன்னதிலிருந்து பழனாத்தாளுக்குக் கொண்டாட்டம். தலையணையோடு நடந்தால், "பாத்துங்க, புள்ள முழிச்சுக்கும்" என்கிறாள்.

ஏப்ரல் 20, ஞாயிறு
நாளை வினிதா உடுமலைக்கு, அவள் ஊட்டுக்குக் கிளம்புகிறாள். சுவரோரம் உட்கார்ந்து கையை நீட்டினேன்.
"ஆயிலு?" என்றாள்.
"கழுவிட்டேன் கண்ணு."
அக்ஷராவுக்குக் கனமே இல்லை. தலை மட்டும் வெதுவெதுப்பாக, பால் வாசனையோடு. சுவரில் சாய்ந்தபடியே மெல்ல எழுந்தேன். ஃபேன் சுற்றியது, ஜன்னல் கொஞ்சம் மிதந்தது. குழந்தை முகம் மட்டும் நடுவில் அசையாமல் நின்றது. அதையே பார்த்துக்கொண்டு வாசல்வரை நடந்தேன். வினிதா கை முதுகுக்குப் பின்னாலேயே வந்தது, தொடாமல்.
"அம்மா எல்லாஞ் சொல்லிட்டாங்க. பயமா இருக்குதுன்னு எங்கிட்டச் சொன்னா என்னங்கப்பா?"
"பயமா? எனக்கா?" என்று சிரித்துவைத்தேன்.
நாக்கு நுனிவரை வந்ததைச் சொல்லவில்லை: நீ பொறந்தப்பவும் நாலுதான் கண்ணு. அப்பத் தலைசுத்தல்கூட இல்லை.