இரும்புச் சட்டியில் வெள்ளைக் கோழி

சேசு மரி சூசை துணை
சாந்தோம்,
28 நவம்பர் 2024

அன்புள்ள சம்பந்தியம்மா ஹில்டா அவர்களுக்கு ரொசாரி எழுதுவது. மாதா தயவில் இங்கே சுகம். உங்கள் முட்டிவலி தேவலையா?

நம் பேரப்பிள்ளைகள் சேதியை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்களுக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் என் வாயால் சொன்னால் எனக்கு ஒரு ருசி. மூத்தவன் டெரன்ஸ் கப்பலில் இஞ்சினியராகிவிட்டான். சிங்கப்பூரிலிருந்து தொப்பி போட்டுப் படம் அனுப்பினான், அப்படியே என் வீட்டுக்காரர் மூஞ்சி. சின்னவன் ஜெரோம் கடைசி நிமிஷத்தில் கோல் போட்டுப் பள்ளிக்கூடத்துக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்தான். அந்தக் கால் எங்கள் பக்கத்துக் கால். நடுவுள்ளவள் நிவி பிசியோதெரபியில் வகுப்பிலேயே முதல். மூளை மட்டும் உங்கள் பக்கம் என்று சொல்லிக்கொள்ளுங்கள், சண்டைக்கு வரமாட்டேன். அஞ்சாங்கிளாஸோடு நின்றுபோன எனக்கு இதைவிட என்ன வேண்டும்?

அந்த நிவிதான் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, "ஆயா, இந்த வருஷம் கிறிஸ்துமஸ் ராத்திரி சாப்பாடு கிராண்ட்மா வீட்ல. கிரீமி சிக்கன்!" என்று குதித்தாள். நான் ஆயா, நீங்கள் கிராண்ட்மா. இருக்கட்டும். டெரன்ஸ் பிறந்ததிலிருந்து அந்த ராத்திரி பிள்ளைகள் என் வீட்டில்தான் ஆப்பமும் கோழிக் குழம்பும் சாப்பிட்டார்கள்.

போனில் படம் காட்டினாள். தோசைக்கல்லுக்கு விளிம்பு கட்டினாற்போல ஒரு இரும்புச் சட்டி. அதற்குள் வெள்ளை வெளேரென்று கோழி. மிளகாய்த்தூள் இல்லை, மஞ்சள்கூட இல்லை. பண்டிகை நாளில் ஆஸ்பத்திரிச் சாப்பாடா? உங்களைச் சொல்லவில்லை, பொதுவாகச் சொன்னேன்.

போனில் பேசினால், அங்கே வந்திருக்கிற உங்கள் மகள், அதான் என் மருமகள், ஸ்பீக்கரில் போட்டு வீடே கேட்கிறது. அதனால்தான் கடுதாசி.

இப்படிக்கு,
ரொசாரி


பெசன்ட் நகர்,
3 டிசம்பர்

அன்புள்ள சம்பந்தி,

கடிதம் கிடைத்தது. முட்டி பரவாயில்லை. பிள்ளைகள் ஆசைப்பட்டார்கள், சரி என்றேன். நீங்களும் அவசியம் வர வேண்டும். ஒன்றும் கொண்டுவர வேண்டாம். நீளமாக எழுத முடியவில்லை, மன்னிக்கவும்.

ஹில்டா


சேசு மரி சூசை துணை
சாந்தோம்,
11 டிசம்பர்

அன்புள்ள சம்பந்தியம்மா,

உங்கள் கடுதாசியை வாசிக்கப் பக்கத்து வீட்டு ஹமீதுன்னிசாவைக் கூப்பிட வேண்டியதாயிற்று. கோழி கிளறினாற்போல எழுத்து. ஆபீசில் சூப்பிரண்டெண்டாக இருந்தவர் கையெழுத்தா இது? என் எழுத்தே தேவலை. சம்பந்திக்கு இது போதும் என்று பஸ்ஸில் உட்கார்ந்து எழுதினீர்களோ. 'ஒன்றும் கொண்டுவர வேண்டாம்' என்ற வரி மட்டும் நன்றாக விளங்கியது.

அந்த வெள்ளைக் கோழியை நானும் செய்து பார்த்தேன். பொறாமை என்று நினைத்துவிடாதீர்கள். கடையில் கிரீம் பாக்கெட் கண்ணில் பட்டது, கை தானாகப் போயிற்று. எப்போதும்போலத் தயிரும் எலுமிச்சையும் பிசறி ஊற வைத்து, அடுப்பை முழுசாகத் திருப்பி, தளதளவென்று கொதிக்கும்போது கிரீமை ஊற்றினேன். கொஞ்ச நேரம் படத்தில் பார்த்த மாதிரியே இருந்தது. அப்புறம் தண்ணி தனி, கட்டி தனி. ஹமீதுன்னிசா எட்டிப் பார்த்து, "இன்னா அக்கா, குழந்த கக்கின பால் மாதிரி கீது" என்றாள். அவளை அடுப்படிக்குள் விட்டது என் தப்பு.

இந்தத் தெருவில் ஒருத்தி கேட்கிறாள், அதனால் எழுதுகிறேன்: திரியாமல் இருக்க என்ன செய்ய வேண்டும்? எனக்கில்லை, அவளுக்கு.

இன்னொன்று. நிவி வாரத்தில் மூன்று நாள் உங்கள் வீட்டுக்கு வருகிறாளாமே. ஜெரோம் உளறிவிட்டான். இங்கே மாசத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலேஜ் விட்டு அவள் வருகிற பஸ் சாந்தோம் வழியாகத்தானே வருகிறது? இங்கே இறங்கினால் கால் தேய்ந்துவிடுமா? அந்தக் கிரீமில் என்ன கலந்து கொடுக்கிறீர்கள்?

ரொசாரி


பெசன்ட் நகர்,
16 டிசம்பர்

அன்புள்ள சம்பந்தி,

நான் சொல்லச் சொல்ல, மாடி வீட்டு ஷாகிரா எழுதுகிறாள். இந்தத் தடவை எழுத்து விளங்கும்.

முதலில் உங்கள் தெருக்காரிக்கு: தயிர் வேண்டாம், எலுமிச்சையும் வேண்டாம். கோழியை வெண்ணெயில் சிவக்க வறுத்து எடுத்துவிட்டு, அதே சட்டியில் பூண்டும் காளானும் வதக்க வேண்டும். அடுப்பை நன்றாகத் தணித்த பிறகுதான் கிரீம். அப்புறம் கோழியைத் திரும்பப் போட்டு, கொதிக்க விடாமல் சூடாக்கினால் போதும்.

நிவி என் கைக்காக வருகிறாள். ஆகஸ்டில் ஒருநாள் காலையில் வலது கை மரத்துப்போனது. சின்ன ஸ்ட்ரோக் என்றார் டாக்டர். உங்களிடம் சொல்லக்கூடாது என்று பிள்ளைகளை நான்தான் தடுத்தேன். சம்பந்தி வீட்டில் ஐயோ பாவம் என்பார்களே என்று வெட்கம். நிவி பந்தை அமுக்கச் சொல்கிறாள், எழுதிப் பழகச் சொல்கிறாள். உங்களுக்குப் போட்ட கடிதம் அப்படி எழுதியதுதான். அரைக்க வேண்டாம், தேங்காய் துருவ வேண்டாம், ஒரே சட்டியில் இடது கையால் செய்துவிடலாம் என்று இந்தச் சமையலைத் தேடிப் பிடித்தவளும் அவள்தான். கிறிஸ்துமஸ் அன்று எல்லாருக்கும் நான் சமைத்துப் போட வேண்டுமாம். அதுதான் எனக்கு வைத்திருக்கும் பரீட்சை.

இதையும் கேளுங்கள். என் அடுப்படியில் நின்றுகொண்டு, என் சட்டியை எட்டிப் பார்த்து, "ஆயாவா இருந்தா இதுல மிளகு இடிச்சுப் போட்டிருக்கும்" என்கிறாள். வருகிற நாளெல்லாம் ஆயா, ஆயா, ஆயா. எனக்கும் வயிறு எரிகிறது சம்பந்தி.

நிரம்பிய சட்டியை என்னால் தூக்க முடியாது. வாருங்கள்.

ஹில்டா


சேசு மரி சூசை துணை
சாந்தோம்,
29 டிசம்பர்

அன்புள்ள ஹில்டா,

உங்கள் கையெழுத்தைப் பற்றி நான் எழுதிய கடுதாசியைக் கிழித்துப் போடுங்கள். ஷாகிரா படிப்பதற்குள் போடுங்கள்.

அடுப்பிலிருந்து மேஜைக்குச் சட்டியைத் தூக்கினது மட்டும்தான் நான். வறுத்தது, வதக்கினது, கிளறினது எல்லாம் உங்கள் இடது கை. யார் கேட்டாலும் சாட்சி சொல்வேன். ஒன்றும் கொண்டுவர வேண்டாம் என்று நீங்கள் எழுதியும் மிளகு இடித்து முந்தானையில் முடிந்துகொண்டு வந்தேன். அதைப் போட்ட பிறகுதான் ருசி வந்தது, அதை நீங்களே சொல்லிவிட்டீர்கள். ஜெரோம் மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டான். நானும் இரண்டு தரம் வாங்கினேன். மோசமில்லை. அதற்கு மேல் என் வாயில் வராது.

செவ்வாயும் வெள்ளியும் நானும் பெசன்ட் நகர் வருவதாக இருக்கிறேன். பாத்திரம் தூக்க ஆள் வேண்டும் என்று பிள்ளைகளிடம் சொல்லிக்கொள்ளுங்கள். உங்களிடம் மறைப்பானேன், நிவியை வாரத்தில் இரண்டு நாள் கண்ணால் பார்க்கலாமே என்றுதான் வருகிறேன்.

அன்றைக்கு ஜெரோம் எடுத்த படம் தபாலில் வந்தது. அதில் பிள்ளை உங்கள் தோளில் சாய்ந்திருக்கிறாள். நான் கரித்துணியால் சட்டியைப் பிடித்துக்கொண்டு ஓரத்தில் நிற்கிறேன், கூலிக்கு வந்த சமையல்காரி மாதிரி. ஹமீதுன்னிசாவிடம் எப்படிக் காட்டுவது?

செவ்வாய்க்கிழமை வேறு படம் எடுக்கச் சொல்லுங்கள். பிள்ளை நடுவில் நிற்கட்டும். சாய்வதாக இருந்தால் என் பக்கம் சாயட்டும், உங்கள் பக்கம் ஒரு தரம் சாய்ந்தாயிற்று. பெரிசாகப் பிரிண்ட் போட்டுத் தபாலில் அனுப்புங்கள், போனில் அனுப்பினால் எனக்குத் திறக்கத் தெரியாது. மாதா படத்துக்குப் பக்கத்தில் இப்போதே ஆணி அடித்துவிட்டேன்.

உங்கள்
ரொசாரி