இரண்டு டம்ளர் சுரைக்காய்ச் சாறு

2008 மே 15, வியாழன்

கத்திரி வெயில். காலை ஏழு மணிக்கே சட்டை நனைந்துவிட்டது. கம்பெனி பஸ் கால் மணி நேரம் லேட். மறைமலைநகர் போய்ச் சேர்வதற்குள் தலைவலி.

லைனில் இன்று பதினோரு பீஸ் ரிஜெக்ட். பிரேக்கில் போகிற சாமான், மயிரிழை வித்தியாசம் கூடாது. சூப்பர்வைசர் முறைத்தார். முறைக்கட்டும். பத்தொன்பது வருஷமாக இன்ஸ்பெக்‌ஷன். பஸ்ஸில் பக்கத்து சீட்டு செல்வம் எப்போதும் சொல்வான்: "பயந்தாங்கொள்ளி கைல அளக்குற கேஜ குடுத்தா கம்பெனிக்கு லாபம் மச்சான்."

நாளை முதல் சாறு. வெள்ளி, சனி, ஞாயிறு. லீவு சொல்லியாயிற்று. கம்பெனி மெடிக்கலில் எனக்குக் கல்லீரலில் கொழுப்பு, சர்க்கரை பார்டர் என்று எழுதிவிட்டார்கள். அன்றிலிருந்து தூக்கம் சரியில்லை. மகள் படூர் ஹாஸ்டலிலிருந்து போன வாரம் வந்தபோது நெட்டில் பார்த்து பிரின்ட் எடுத்துக் கொடுத்தாள். மூன்று நாள் சாறு மட்டும், கல்லீரலுக்கு ஓய்வு.

தனியாகச் செய்யப் பயமாக இருக்கிறது என்றேன். மல்லிகா சிரித்தாள். "நானும் கூடவே குடிக்கிறேன் மாமா. நீ மயங்கி வுழுந்துகினு கீறப்ப நான் பக்கத்துல சோறு துன்னுகினு இருந்தா நல்லாவா கீது." அத்தை மகள். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம், இன்னும் மாமா, நீ தான். அவளுக்கு ஒரு வியாதியும் இல்லை. எனக்காகத்தான்.

தெருமுனை டாக்டரிடம் இருவரும் போய்க் கேட்டோம். அவர் சொன்னவை:
– மூன்று நாளுக்கு மேல் கூடாது.
– சர்க்கரை, பி.பி. மாத்திரை சாப்பிடுகிறவர்கள் செய்யவே கூடாது. (எங்களுக்கு மாத்திரை இல்லை.)
– பழச்சாறு குறைவு, காய்ச்சாறு அதிகம். சீனி வேண்டாம்.
– தண்ணீர் நிறைய. உப்புப் போட்ட மோர் இரண்டு வேளை.
– காயை நன்றாகக் கழுவு. அரைத்த உடனே குடி.
– மயக்கம், படபடப்பு, வாந்தி என்றால் அந்த நிமிஷமே நிறுத்து.

திரும்பி வரும்போது கடைசி வரி மட்டும் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

வாங்கியது: வெள்ளரி, கேரட், வெள்ளைப் பூசணி, இஞ்சி, எலுமிச்சை. சுரைக்காய் வாங்கவில்லை. போன ஞாயிறு கடப்பாக்கம் அக்கா வீட்டிலிருந்து மூன்று கொண்டுவந்தோம். மாட்டுக்கொட்டகைக் கூரை மேல் தானாக முளைத்துப் படர்ந்த கொடி. "மருந்து அடிக்காத காய்டா, டப்பு குடுத்தாலும் உனுக்கு டவுன்ல கெடைக்காது" என்று அக்கா பையில் திணித்தாள்.

சார்ட் போட்டு ஃபிரிட்ஜில் ஒட்டினேன். நேரம், சாறு, அளவு, நாடி, எடை, இருவர் கையெழுத்து. மல்லிகா: "பேக்டரிய வூட்டுக்குத் தூக்கினு வந்துட்ட." பாத்ரூமில் தாழ்ப்பாள் போடக் கூடாது, இதுவும் எழுதி ஒட்டியாயிற்று.

மே 16, வெள்ளி. முதல் நாள்

எடை: நான் 78, மல்லிகா 58 ½.
6.30 எலுமிச்சை, வெந்நீர்.
8.00 வெள்ளரி, இஞ்சி. நன்றாகவே இருந்தது.
9.45 பூசணி. பத்து மணிக்குக் கரண்ட் போகும், அதற்குள் மிக்சியை ஓட்ட வேண்டும்.
11.00 மோர்.
12.00 கரண்ட் வந்தது. விசிறிக்குக் கீழே இருவரும் தரையில்.
1.30 கேரட். பக்கத்து வீட்டில் கருவாட்டுக் குழம்பு. ஜன்னலைச் சாத்தினேன். மல்லிகா எழுந்து போய்த் திறந்துவிட்டாள். "வாசனைக்குக் கொழுப்பு ஏறாது மாமா."

நாடி எண்பது. மறுபடி பார்த்தேன், எண்பத்து நான்கு. பார்க்கப் பார்க்க ஏறுகிறது. மல்லிகா என் கையிலிருந்து வாட்சைப் பிடுங்கி அலமாரியில் வைத்துவிட்டாள். அவளுக்கு எழுபத்திரண்டு. துணி துவைத்தாள், புடவைக்கு ஃபால் தைத்தாள். நான் படுத்தே இருந்தேன். எழுந்தால் கிறுகிறுப்பு வருமோ என்று பயம். வரவில்லை.

ஞாயிறு முடிந்ததும் மல்லிகாவுக்கு மாமல்லபுரம் போய்க் கடற்கரையில் நடக்க வேண்டுமாம். பிறகு வஞ்சிரம் வறுவல். சரி என்றேன். கொழுப்பைப் பற்றி அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

மே 17, சனி. இரண்டாம் நாள்

எடை: நான் 77 ½, மல்லிகா 58. நாடி சரி.
6.40 சுரைக்காய்ச் சாறு, ஆளுக்கு ஒரு டம்ளர். இருவரும் குடித்தோம். கையெழுத்து ஆயிற்று.
கொஞ்சம் கசப்பு. மருந்து என்றால் கசக்கத்தான் செய்யும்.

அதே நாள், பகல் 1.30. ஆஸ்பத்திரி பெஞ்சு

நோட்டு எப்படியோ பையோடு வந்துவிட்டது. சும்மா உட்கார முடியவில்லை, எழுதுகிறேன்.

7.10 மல்லிகா வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். 7.15 வாந்தி. அப்புறம் நிற்கவே இல்லை. பேதியும். எட்டு மணிக்கு வாந்தியில் ரத்தம். ஆட்டோ. என் மடியில் தலை. கை சில்லென்று இருந்தது. மே மாதத்தில்.

பி.பி. எழுபது என்றார்கள். இரண்டு கையிலும் க்ளுகோஸ்.

டாக்டர் சின்ன வயசுப் பெண்.
"காலைல என்ன சாப்பிட்டாங்க?"
"சாறு டாக்டர். சுரைக்காய்ச் சாறு."
"நீங்களும் குடிச்சீங்களா?"
"குடிச்சேன்."
"அதே சாறுதானா?"
"ஒரே மிக்சி டாக்டர்."
"உங்களுக்கு ஒண்ணுமே பண்ணலையா?"
"இல்ல."

என்னை ஒரு மாதிரி பார்த்தார். நர்ஸிடம் மெதுவாகச் சொன்னது என் காதிலும் விழுந்தது. "அப்ப சாறு இல்ல. வேற ஏதோ குடிச்சிருக்காங்க. தனியா கூப்பிட்டுக் கேளுங்க."

மூக்கில் குழாய் விட்டு வயிற்றைக் கழுவினார்கள். என்னைத் தனியாகக் கேட்டார்கள். வீட்டில் சண்டையா. எலி மருந்து இருக்கிறதா. வயலுக்கு அடிக்கிற மருந்து. போலீசுக்குத் தகவல் எழுத வேண்டும், இந்த மாதிரி கேஸ் என்றால் அதுதான் முறை என்றார்கள்.

என்ன மாதிரி கேஸ்.

மேலே 'இருவரும் குடித்தோம்' என்று எழுதியிருக்கிறேன். பொய். நான் குடிக்கவில்லை.

நாக்கில் பட்டதுமே தெரிந்தது. பாகற்காய்க் கசப்பு இல்லை. தொண்டையைப் பிடிக்கிற கசப்பு. மல்லிகாவும் ஒரு வாய் குடித்துவிட்டு, "இன்னா மாமா இப்பிடிக் கசக்குது" என்றாள். "கசந்தாதான் ஒடம்புக்கு நல்லது, மூக்கப் புடிச்சினு ஒரே மடக்கா வுட்ரு" என்று நான்தான் சொன்னேன். மூக்கைப் பிடித்துக்கொண்டாள், கண்ணையும் மூடிக்கொண்டாள். அந்த நேரத்தில் என்னுடையதை சிங்க்கில் ஊற்றினேன். காலி டம்ளரைக் காட்டிவிட்டு சார்ட்டில் கையெழுத்துப் போட்டேன். யாருக்காக இந்தச் சாறு. என் கல்லீரலுக்காக.

டாக்டர் கேட்டபோது ஏன் சொல்லவில்லை? முதலில் வெட்கம். ஒரு டம்ளர் கசப்புக்குப் பெண்டாட்டியை ஏமாற்றினேன் என்று ஒரு சின்னப் பெண்ணிடம் எப்படிச் சொல்வது. இப்போது வெட்கம் போய்விட்டது, வேறு பயம். அரைத்தவன் நான். குடிக்கச் சொன்னவன் நான். அவள் மட்டும் குடித்தாள், நான் ஊற்றிவிட்டேன் என்று இத்தனை நேரம் கழித்துப் போய்ச் சொன்னால் என்ன நினைப்பார்கள்? போலீஸ் என்ன நினைக்கும்?

2.15. நர்ஸ் வெளியே வந்து மறுபடி கேட்டார். "சார், நிஜமாவே நீங்களும் குடிச்சீங்களா?" குடித்தேன் என்று சொல்லிவிட்டேன். வாய் தானாகச் சொல்கிறது.

3.00. பூச்சி மருந்தை முறிக்க ஏதோ ஊசி போடலாமா என்று உள்ளே பேசிக்கொண்டிருக்கிறார்கள். அவள் குடிக்காத விஷத்துக்கு மருந்து. அது ஏறினால் அவளுக்கு என்ன ஆகும்? என் பொய்யை வைத்துத்தான் அவர்கள் முடிவு செய்கிறார்கள். எழுந்து நின்றேன். மறுபடி உட்கார்ந்தேன். முருகா.

போகிறேன்.

5.30. சொல்லிவிட்டேன்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "காலைலேர்ந்து இத வச்சுக்கிட்டா வெளிய உக்காந்திருந்தீங்க?" வேறு எதுவும் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். மிச்சம் இருக்கிற காயை எடுத்து வரச் சொன்னார். ஆட்டோவில் போய் அரைத்தது போக மிச்சம் இருந்த பாதிக் காயையும், முழுதாக இருந்த இரண்டையும் கொண்டுவந்தேன். நகக்கண் அளவு கிள்ளி நாக்கு நுனியில் வைத்தார். உடனே துப்பிவிட்டு வாஷ்பேசினில் ரொம்ப நேரம் வாய் கொப்பளித்தார்.

"இதுதான்" என்றார். "கசக்கிற சுரைக்காய் விஷம். வெள்ளரி, பீர்க்கங்காய், பூசணி எல்லாமும் கசந்தா அப்படித்தான். பாகற்காய்க்குக் கசப்பு இயல்பு, இதுங்களுக்கு இல்ல. அரைக்கிறதுக்கு முன்னாடி ஒரு சின்னத் துண்டு நாக்குல வச்சுப் பாக்கணும். கசந்தா துப்பிட்டு மொத்தத்தையும் கொட்டிடணும். அவ்வளவுதான் செய்ய வேண்டியிருந்தது."

இதற்கு முறிமருந்து கிடையாதாம். அந்த ஊசி வேண்டாம் என்று நிறுத்திவிட்டார். க்ளுகோஸ், பி.பி. ஏற்றும் மருந்து, வயிற்றுப் புண்ணுக்கு ஊசி. பொறுத்துத்தான் பார்க்க வேண்டும், ரத்தம் நின்றால் பிழைத்துக்கொள்வார்கள் என்றார். நின்றால்.

அக்காவுக்கு போன். கொடியை வேரோடு பிடுங்கு, மாட்டுக்குக்கூடப் போடாதே என்றேன். "இந்த வருசம் தண்ணியே காட்டல அதுக்கு, அதான் கசந்துடுச்சா" என்று அழ ஆரம்பித்தாள்.

மே 18, ஞாயிறு

பி.பி. நூறு. காலையிலிருந்து ரத்தம் இல்லை. உயிர் வந்தது. அவளுக்கா எனக்கா தெரியவில்லை.

மகள் முதல் பஸ்ஸில் வந்துவிட்டாள். அம்மாவைப் பார்த்து அழுதுவிட்டு என் பக்கம் திரும்பினாள். "நீயும் டெஸ்ட் எடுத்துக்கோப்பா. நீயும்தானே குடிச்ச." தலையாட்டினேன்.

பதினொரு மணிக்கு மல்லிகா பேசினாள். தொண்டை கட்டியிருக்கிறது. என்னிடம் முதல் வார்த்தை: "மாமா, உனுக்கு வயிறு வலிக்கலயா?"
"இல்ல."
"மறைக்காத. நாக்க நீட்டு."
நீட்டினேன். கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். "வெள்ளையா கீது. நீயும் ஒரு பாட்டில் ஏத்திக்க."

மாலையில் பக்கத்து வீட்டு அம்மா பார்க்க வந்தார். "ரெண்டு பேரும் ஒண்ணாக் குடிச்சும் இவுருக்கு ஒண்ணும் ஆவல பாரு. ஆம்பள ஒடம்பு." மல்லிகா படுத்தபடியே, "அவுரு சின்ன வயசுல கூழு குடிச்சி வளந்தவரு" என்றாள். அதில் ஒரு பெருமை. எனக்கு அங்கே நிற்க முடியவில்லை. தண்ணீர் பாட்டில் வாங்கப் போகிறேன் என்று வெளியே வந்துவிட்டேன்.

டாக்டருக்குத் தெரியும். நர்ஸுக்கும் தெரிந்திருக்கும். இவளுக்குத் தெரியாது. ரவுண்ட்ஸ் வரும்போதெல்லாம் டாக்டர் வாயிலிருந்து வந்துவிடுமோ என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். காரணம் சுரைக்காய் என்று டாக்டர் எழுதியதும் போலீஸ் பயம் போய், இந்தப் பயம் உட்கார்ந்துகொண்டது.

மே 19, திங்கள்

புழுக்கம். கம்பெனிக்குப் போன் செய்து இன்னும் இரண்டு நாள் லீவு. செல்வம் பேசினான். "தங்கச்சி எப்பிடி கீது?" பரவாயில்லை என்றேன். "நீ?" என்றான். போனை வைத்துவிட்டேன்.

மல்லிகாவின் ரிப்போர்ட் வந்தது. கல்லீரல் எண்கள் ஏறியிருக்கின்றன, இறங்கிவிடும் என்கிறார் டாக்டர். இன்று கஞ்சித் தண்ணீர் கொடுக்கலாம். நாளை மறுநாள் வீடு. மகளைக் குளித்துவிட்டு வரச் சொல்லி வீட்டுக்கு அனுப்பினேன்.

வார்டில் நாங்கள் இருவர் மட்டும். மறுபடி கேட்டாள். "ரத்தம் டெஸ்ட் எடுத்தியா மாமா? நான் போயிட்டா கூட பரவால்ல, நீயும் போயிட்டா அந்தப் புள்ளைக்கு யாரு?"

அதற்கு மேல் முடியவில்லை. சொன்னேன். கசப்பு தெரிந்தது, சிங்க்கில் ஊற்றினேன், உன்னைக் குடிக்கச் சொன்னேன். மூன்றையும் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னேன்.

மேலே விசிறியைப் பார்த்தாள்.

"நல்லதாப் போச்சு. ரெண்டு பேரும் வுழுந்திருந்தா யாரு ஆட்டோ கூட்டினு வந்திருப்பா."

அழுகை வந்துவிட்டது எனக்கு. இவ்வளவுதானா, இதற்கா மூன்று நாளாக உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தேன் என்று தோன்றியது. அவள் கையைப் பிடித்தேன். விடுவித்துக்கொள்ளவில்லை. பிடிக்கவும் இல்லை.

பிறகு சொன்னாள். குரலில் கோபம் எதுவும் இல்லை.

"அந்த நர்ஸம்மா மூணு தபா கேட்டுச்சி. இன்னா மருந்து குடிச்ச, புருசன் அடிச்சானா, சொல்லு, யார்கிட்டயும் சொல்ல மாட்டோம்னு. கொழாய மூக்குல வுட்டுகினே கேட்டுச்சி. நான் ஒண்ணும் குடிக்கல, சாறுதான், எங்க மாமாவும் கூடத்தான் குடிச்சாரு, வெளிய கீறாரு, போயி அவரக் கேளுன்னு சொன்னேன்."

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

நர்ஸ் கஞ்சி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அரை மணிக்கு ஒரு தரம் இரண்டு ஸ்பூன். எழுப்ப வேண்டும். பயமாக இருக்கிறது.