உன் பெயரைக் கூப்பிடும்போது

எனக்குக் கையும் காலுமாக இருந்த தம்பி சின்னையாவுக்கு,

நம் ஸ்டோரில் மறுபடி புகை வருகிறது. வெள்ளைக்காரத் துரை ஓடிப்போனபின் பூட்டிக் கிடந்த அதே ரப்பர் ஆலைதான். ஜப்பான்காரன் கம்பெனி ரப்பரைக் காய்ச்சி எண்ணெய் எடுக்கிறது. நீ ஷீட் உருட்டிய மெஷினைக் கழற்றி எங்கேயோ கொண்டுபோய்விட்டார்கள்.

"எல்லாருக்கும் வேலை" என்று சொல்லித்தானே தோட்டத்தை எடுத்தார்கள்? ஆலையில் சிலருக்குத்தான் வேலை. மிச்ச வேலையெல்லாம் ஜப்பான்காரன் சயாம் காட்டில் போடும் ரயில் பாதையில் இருந்தது. அதை அன்று யாரும் சொல்லவில்லை.

அன்று நான் குளிர்காய்ச்சலில் லயத்து வீட்டில் கிடந்தேன். காலைப் பெரட்டில் ஆள்கணக்கு எழுதும் புதுக் கிராணி சில பெயர்களை மட்டும் கூப்பிட்டான்; உன் பெயர் அதில் இல்லை. காய்ச்சலில் படுத்தவனுக்காகச் சொந்தக்காரன் குரல் கொடுப்பது நம் தோட்டத்து வழக்கம். ஒரு நாள் கூலி போகக் கூடாதல்லவா? என் பெயருக்கு நீ "இருக்கேன்" என்றாய். குரல் கொடுத்தவர்களையெல்லாம் லாரியில் ஏற்றிவிட்டார்கள்.

நான் அவனில்லை என்று ஏன் சொல்லவில்லை நீ? சொன்னால் என்னைப் பாயோடு தூக்கிப் போவார்கள் என்றா?

உன்னோடு போனவர்களில் ஒருவன் சயாமிலிருந்து தப்பித்து, கெமாஸ் ரயில் நிலையத்திலிருந்து நடந்தே வந்தான். வாந்திபேதியில் நீ போனதை அவன்தான் சொன்னான். குழியில் இறக்கும்போதும் உன்னை மாரிமுத்து என்றே சொன்னார்களாம்.

இங்கே தினமும் உன் பெயரைக் கூப்பிடுகிறார்கள். என் பெயர் இல்லை. ஆள் மாறியது கிராணிக்குத் தெரியும். ஒப்புக்கொண்டால் ஜப்பான்காரனிடம் அறை வாங்குவான். அதனால் உன் பெயருக்கு என்னையே குரல் கொடுக்கச் சொல்கிறான்:

"மாரியண்ணே, இருக்கேன்னு சொல்லிட்டு அரிசிய வாங்கிட்டுப் போங்கலா. வாயில பூட்டா போட்டிருக்கு?"

"நான் சின்னையான்னா, செத்தது யாருய்யா?"

"மாரிமுத்து."

"அப்ப மாரியண்ணேன்னு யாரைக் கூப்பிட்ட?"

கருமாதி செய்தால் லயத்தைக் காலி செய்யச் சொல்வேன் என்றான். உன் பெண்சாதி அஞ்சலையும் கேட்டுவிட்டாள்: "மாமா, மரவள்ளிக் கிழங்கே தின்னு பிள்ளைக்கு வயிறு ஊதிப்போச்சு. அவரு பேருக்கு ஒரு குரல் கொடுத்தா என்ன?" ஆனாலும் உன் பெயருக்கு நான் குரல் கொடுக்கவில்லை.

வரும் அமாவாசையன்று உனக்குக் கருமாதி செய்வேன். அன்று காலை பெரட்டில் உன் பெயரைக் கூப்பிடும்போது, தோட்டமே கேட்க, "செத்துட்டான்" என்று நானே குரல் கொடுப்பேன். எனக்காக நீ ஒரு முறை கொடுத்தாய். உனக்காக நான் கொடுக்கக்கூடியது அது ஒன்றுதான்.

உன் பெயரில் சோறு தின்னாத உன் அண்ணன்,
மாரிமுத்து