பழைய கேமராவை விற்க வேண்டாம்

ஈப்போ,
ஆகஸ்ட் 18, ஞாயிறு.

அன்பு மகன் கிளெனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. புனித அன்னம்மாள் தயவில் நானும் அப்பாவும் இங்கே கை கால் ஓட்டத்தோடு இருக்கிறோம், உன் தங்கை ஆட்ரியும் தஞ்சோங் மாலிமில் சுகம், நீ அங்கே ஹாமில்டனில் இந்த ஆகஸ்டுக் குளிர்காலத்தில் சளி இருமல் இல்லாமல் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு செபமாலையிலும் கேட்டுக்கொள்கிறேன். இந்தக் காலத்தில் போய் அம்மா காகிதத்தில் எழுதுகிறாளே என்று சிரிக்காதே. போனில் பேசினால் உன் அப்பா பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுகிறார், வாட்ஸ்அப்பில் எழுதலாம் என்றால் எனக்கு எழுத்து அடித்துக் கொடுப்பதே அவர்தான், அப்புறம் நான் எங்கே மனம் விட்டுச் சொல்வது? அவர் இப்போது பக்கத்துத் தெரு வீரம்மா வீட்டுக்குத் திருநாள் படங்களைக் கொடுக்கப் போயிருக்கிறார், அவள் கோப்பி கலக்கி பிஸ்கட் வைத்து அனுப்ப ஒரு மணி நேரம் ஆகும், அதற்குள் எழுதி முடிக்க வேண்டும்.

நீ போன மாதம் என்னிடம் கேட்டாயே, அப்பாவுக்குப் புதுக் கேமரா பிடித்திருக்கிறதா, அவர் எதைக் கேட்டாலும் நல்லா இருக்கு நல்லா இருக்கு என்றுதான் சொல்கிறார், நீங்கள் உண்மையைச் சொல்லுங்கள், பழையதை விற்றுவிடலாமா என்று. எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன், ஆனால் எனக்கே தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை, நீயே படித்துச் சேர்த்துக்கொள். பழையதில் உள்ளே சின்னதாக ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி இருக்கிறதாம், வெளியில் இருப்பது அதில் பட்டு நேராக நம் கண்ணுக்கு வருமாம். புதியதில் அந்தக் கண்ணாடியே கிடையாதாம், நாம் பார்ப்பது ஒரு குட்டி டிவியாம், படம் எப்படி வருமோ அப்படியே முன்கூட்டியே காட்டிவிடுமாம். உன் அப்பா இதை எனக்கு மூன்று தடவை விளக்கினார், மூன்று தடவையும் தலையாட்டினேன். உண்மையைக் காட்டுவது பழையது, டிவியைக் காட்டுவது புதியது என்றால் கிளென் ஏன் இவ்வளவு செலவு செய்து டிவியை வாங்கி அனுப்பினான் என்று கேட்டேன், உனக்குச் சொன்னா புரியாது ஜோன் என்று எழுந்து போய்விட்டார்.

முப்பத்திரண்டு வருஷம் பள்ளிக்கூட லேப்பில் கண்ணாடிக் குழாய் கழுவி அடுக்கியவர் சும்மா இருப்பாரா, இரண்டையும் ஒப்பிட்டு உனக்கு ரிப்போர்ட் அனுப்புகிறேன் என்று ஒரு நோட்டுப் புத்தகம் போட்டார். எடை, பேட்டரி, சத்தம், இருட்டில் எப்படி, வெயிலில் எப்படி என்று கோடு கிழித்து எழுதினார். பழையது கையில் பிடித்தால் அம்மிக் குழவி மாதிரி கனம், புதியது லேசு. ஆனால் பேட்டரியில் பழையதுதான் கெட்டிக்காரன், ஒரு தடவை சார்ஜ் ஏற்றினால் மூன்று கல்யாணம் தாங்கும், நீ அனுப்பியது பாதிப் பூசையிலேயே கண்ணை மூடிவிட்டது. கோயிலுக்குள் மெழுகுவத்தி வெளிச்சத்தில் பழையது எடுத்தால் ரவையைத் தூவினது மாதிரி இருக்கும், புதியது பளிச்சென்று எடுத்துவிடுகிறது. இவ்வளவும் எனக்குப் புரிந்தது. குழப்பம் அதற்கப்புறம்தான்.

போன மாதம் இருபத்தெட்டாம் தேதி, நம் சனங்கள் முன்பு வேலை செய்த பழைய தோட்டத்தில் அன்னம்மாள் திருநாள். தோட்டம் முழுக்க இப்போது எண்ணெய்க்கான செம்பனை மரம்தான், நம் கோயில் மட்டும் அதே இடத்தில் நிற்கிறது, ஈப்போ, தைப்பிங், பாரிட் புந்தார் என்று எங்கெங்கோ இருப்பவர்கள் அன்றைக்கு வந்து சேர்ந்துவிடுகிறார்கள். சப்பரம் சுற்றி வந்ததும் ஒவ்வொரு குடும்பமாகக் கோயில் கதவுக்கு முன்னால் நிற்க, உன் அப்பா ஆளுக்கு ஒரு படம் எடுத்துக் கழுவிக் கொடுக்கிற வழக்கம் உனக்குத் தெரியும், பதினோரு வருஷமாக ஒரு வருஷம் விட்டதில்லை. இந்த வருஷம் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று ஒவ்வொரு குடும்பத்தையும் இரண்டு கேமராவிலும் எடுத்தார். புதியதில் நீ சத்தத்தை நிறுத்தி வைத்தே அனுப்பினாயா என்ன? எடுத்த சத்தமே வரவில்லை. சனங்கள் பாவம், சிரித்த முகத்தோடு அப்படியே நிற்கிறார்கள். வீரம்மா பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, எடுத்தாச்சா இல்லயா அண்ணே, பல்லெல்லாம் காஞ்சு போச்சு லா என்றாள், வரிசையில் நின்றவர்கள் எல்லாம் சிரித்துவிட்டார்கள். அப்புறம் உன் அப்பாவே ஒவ்வொரு தடவையும் வாயால் டக் என்று சத்தம் போட்டு எடுத்தார்.

வீட்டுக்கு வந்து டிவியில் போட்டுப் பார்த்தால் புதியதில் எடுத்தது அத்தனையும் அருமை, ஒவ்வொருவர் கண் இமையும் எண்ணலாம். பழையதில் எடுத்ததில் பாதிக்கு மேல் முகமே இல்லை. முகம் இருக்க வேண்டிய இடத்தில் புகை, பின்னால் கட்டியிருந்த திருநாள் பேனரில் எழுத்து எழுத்தாகப் படிக்கலாம். வீரம்மா அதைப் பார்த்துவிட்டு, என் மூஞ்சிய விட்டுட்டு பேனருக்குப் படம் புடிச்சிருக்காரு உங்க வீட்டுக்காரரு என்றாள். உன் அப்பாவுக்குச் சிரிப்பு வரவில்லை. கெமராவுக்கு வயசாயிருச்சு என்று மட்டும் சொன்னார். நானும் சரி, கிளென் சொன்னது மாதிரி விற்றுவிடலாம் என்று நினைத்தேன், பாரிட் புந்தாரிலிருந்து வந்த சின்னையாவின் மகன் ஒருத்தன் வாங்கிக்கொள்கிறேன் என்று கேட்டும் விட்டான்.

அடுத்த சனிக்கிழமை ஆட்ரி வந்தாள். விற்கப் போகிறீர்களா, கடைசியாக ஒரு படம் எடுத்துக்கொள்கிறேன் என்று பழையதைத் தூக்கிக்கொண்டு போய் வாசலில் ஜம்பு மரத்தையும் என்னையும் எடுத்தாள். கண் வைத்துப் பார்த்தால் ஒரே மங்கலாக இருக்கிறது அம்மா, எப்படித்தான் அப்பா இதில் எடுக்கிறாரோ என்று சொல்லிக்கொண்டே எடுத்தாள். படம் பார்த்தால் தெளிவோ தெளிவு, என் கழுத்துச் செயினில் இருக்கிற மாதா சுரூபம் வரைக்கும் தெரிகிறது. பார்த்தால் மங்கல், எடுத்தால் தெளிவு. அப்படியானால் கேமரா கெட்டதா நல்லதா? உன் அப்பா முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது, நாளைக்குக் கேமரா கடை முதலாளி தௌக்கேயிடம் கொண்டுபோய்க் காட்டலாம் என்றார்.

பழைய டவுனில் அவர் எப்போதும் போகிற அந்தச் சீனன் கடைக்கு நானும் கூடப் போனேன். தௌக்கே இரண்டு கேமராவையும் வாங்கி மேசையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கண் வைத்துப் பார்க்கிற ஓட்டைக்குப் பக்கத்தில் ஒரு சின்னச் சக்கரம் இருக்கிறது, கண் கண்ணாடியில் பவர் மாற்றுவது மாதிரி அவரவர் கண்ணுக்கு ஏற்றபடி அதைத் திருப்பி வைத்துக்கொள்ள வேண்டுமாம். பழையதில் அது கடைசி வரைக்கும் திருகியிருந்தது, ஆட்ரிக்கு மங்கலாகத் தெரிந்தது அதனால்தான், எடுக்கிற படத்தை அது ஒன்றும் செய்யாதாம். புதியதை எடுத்துப் பார்த்தார், வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை, அதிலும் கடைசி வரைக்கும் திருகியிருந்தது. யார் அங்கிள் திருப்பினது என்று கேட்டார். நான்தான், உள்ள மங்கலா இருந்துச்சு, சரி பண்ணப் பாத்தேன், சரியா வரல என்றார் உன் அப்பா. தௌக்கே எழுந்து வந்து, உன் அப்பாவின் இடது கண்ணைத் தன் கையாலேயே மூடி, சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் படிக்கச் சொன்னார். தாள் கிழிக்கிற காலண்டர், நம் உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்பில் நாலு என்று ஒரே ஒரு எண். உன் அப்பா கழுத்தை நீட்டிப் பார்த்தார். பிறகு எங்கே காலண்டர் என்று கேட்டார்.

கெமரா ரெண்டும் ஓகே லா அங்கிள், மாத்தா தான் செக் பண்ணனும் என்று கண்ணைத் தொட்டுக் காட்டினார் தௌக்கே. பழுது பார்க்கிற காசு வேண்டாம் என்றுவிட்டார்.

வீட்டுக்கு வந்து யோசித்தேன். இரண்டு கண்ணும் திறந்திருக்கும்போது இடது கண் சமாளித்துக்கொள்கிறது, அதனால் அவருக்கே தெரியவில்லை. கேமராவைத் தூக்கினால்தான் இடதை மூடி வலதில் பார்க்கிறார். பழையதில் நடுவில் சிவப்பாக ஒரு புள்ளி மின்னும், அது எதன்மேல் விழுகிறதோ அதுதான் தெளிவாக வரும், புள்ளி முகத்தில் விழுகிறதா பேனரில் விழுகிறதா என்று அவருக்குத் தெரியாமலே அழுத்தியிருக்கிறார். புதியதோ ஆளின் கண் எங்கே இருக்கிறது என்று தானே தேடிப் பிடித்துக்கொள்கிறதாம், எடுப்பவருக்குக் கண் தெரிகிறதா என்று அது ஏன் கேட்கப் போகிறது. நல்ல கேமரா அவர் குறையை மூடி மறைத்துவிட்டது, கெட்டது என்று நாம் விற்க இருந்ததுதான் காட்டிக்கொடுத்தது. எது ஒசத்தி என்று கேட்டாயே, இப்போது நான் எதைச் சொல்வது? வருஷ ஆரம்பத்தில் காரை உள்ளே விடும்போது வலது பக்கம் கேட் தூணில் இரண்டு தடவை உரசினார், கண்ணு என்ன பொடரியிலயா இருக்கு என்று நான் தெருவே கேட்கிற மாதிரி திட்டினேன். அதை நினைத்தால் இப்போது சோறு இறங்கமாட்டேன் என்கிறது.

பெரிய ஆஸ்பத்திரியில் காட்டினோம். கண்புரை நன்றாக முற்றிவிட்டதாம், ஆபரேஷன் செய்து உள்ளே ஒரு சின்ன லென்ஸ் வைப்பார்களாம், அக்டோபர் மூன்றாம் தேதி நாள் கொடுத்திருக்கிறார்கள். புரை அடர்த்தியாக இருப்பதால் பின்னால் நரம்பு எப்படி இருக்கிறது என்று இப்போது பார்க்க முடியாதாம், எடுத்த பிறகுதான் தெரியுமாம். டாக்டரம்மா நல்ல பிள்ளை, பயப்படாதீங்க ஆன்ட்டி, தினமும் செய்யிறதுதான் என்றாள், ஆனால் முழுப் பார்வையும் வரும் என்று என்னால் எழுதிக் கொடுக்க முடியாது என்றும் சொன்னாள். அதுதான் உன் அப்பா மனதில் போய் உட்கார்ந்துகொண்டது. சம்மதக் கையெழுத்துப் போட வேண்டிய தாளை அலமாரியில் துணிக்கு அடியில் வைத்துவிட்டார். இடது கண் நல்லாத்தானே இருக்கு, அதுல எடுத்துப் பழகிக்கிறேன் என்கிறார். இடது கண்ணை வைத்தால் மூக்கு போய் பின்னால் இருக்கிற திரையில் இடிக்கிறது, புதியதில் திரையைத் தொட்டால் தொட்ட இடத்துக்குப் புள்ளி போய்விடுமாம், நேற்று என்னை நிற்க வைத்து எடுத்தார், மூக்கு பட்டு எதிர்வீட்டு நாய் தெளிவாக வந்திருக்கிறது. நான் சிரித்தேன், அவரும் சிரித்தார், பிறகு இரண்டு பேரும் சிரிப்பை நிறுத்திவிட்டோம்.

உனக்கு எழுதக் கூடாது என்பது அவர் உத்தரவு. பையன் ஆசப்பட்டு வாங்கி அனுப்பினது, குருடன் கையில கொடுத்துட்டோமேன்னு நெனப்பான், சொல்லாத ஜோன் என்றார். கல்யாணமாகி முப்பத்தாறு வருஷத்தில் அவர் பேச்சை நான் மீறுவது இது எத்தனாவது தடவை என்று கணக்கில்லை, ஆனால் மீறிவிட்டுப் பயப்படுவது இதுதான் முதல் தடவை. உன்னை வரச் சொல்லலாமா கூடாதா, லீவு கிடைக்குமா, நீ வந்தால் அவர் ஒப்புக்கொள்வாரா, இல்லை சொல்லிவிட்டாள் என்று இன்னும் முரண்டு பிடிப்பாரா, ஒன்றும் எனக்குத் தெளிவாக இல்லை. ஆட்ரி, வரச் சொல்லுங்கம்மா என்கிறாள். நான் இரண்டு நாளாக எழுதுவதும் கிழிப்பதுமாக இருந்தேன்.

இதற்குள் ஒரு படம் வைத்திருக்கிறேன், பார். திருநாளன்று எல்லோரும் போன பிறகு நாங்கள் எடுத்துக்கொண்டது, பழையதில். வருஷா வருஷம் கேமராவை ஸ்டாண்டில் வைத்து, புள்ளியை என் முகத்தில் வைத்துப் பார்த்துவிட்டு அவர் ஓடி வந்து நிற்பார், எனக்கும் அவருக்கும் நடுவில் ஓர் ஆள் அளவு இடம் விட்டுத்தான் நிற்போம். நீ போன மூன்று வருஷமாக அப்படித்தான், ஏன் என்று நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. இந்த வருஷம் புள்ளி என் முகத்தில் விழவில்லை. நானும் அவரும் இரண்டு பக்கமும் புகையாக இருக்கிறோம், நடுவில் நீ நிற்கிற இடத்தில் கோயில் கதவு மட்டும் தெளிவாக இருக்கிறது, உரிந்த பச்சைப் பெயிண்டும் ஆணியும்கூடத் தெரிகிறது. ஆட்ரிதான் இதைத் தனியாகக் கழுவிக் கொடுத்தாள், அவரிடம் இந்தப் படத்தை நான் இன்னும் காட்டவில்லை. முடிந்தால் மூன்றாம் தேதிக்கு முன்னால் வந்து அந்த இடத்தில் நில்லு ஐயா. நீ நின்றால் உன் முகத்தைத் தெளிவாகப் பார்க்க வேண்டும் என்றாவது அந்தத் தாளை எடுத்துக் கையெழுத்துப் போடுவார்.

கர்த்தர் உன் போக்கிலும் வரத்திலும் துணையிருக்கட்டும், மாதா தன் முந்தானைக்குள் வைத்து உன்னைக் காக்கட்டும், குளிருக்குக் காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போ, ஞாயிற்றுக்கிழமைப் பூசையைத் தவற விடாதே. பழைய கேமராவை விற்கவில்லை, சின்னையா மகனுக்கு இல்லை என்று சொல்லியாகிவிட்டது. இந்தக் கடிதம் கிடைத்ததும் போன் பண்ணு, ஆனால் கண்ணைப் பற்றி எடுத்ததும் கேட்டுவிடாதே, கேமரா எப்படி இருக்கிறது என்று மட்டும் கேள், அவரே சொல்லட்டும். கேட் சத்தம் கேட்கிறது, வந்துவிட்டார்.

உன் வரவை எதிர்பார்க்கும்,
அம்மா
ஜோன் சில்வெஸ்டர்