முட்டாமல் நகரும் புள்ளிகள்

ஸ்காபரோவின் ரூஜ் பகுதியில் எங்கள் பக்கத்து வீட்டை விலைக்குப் போட்டிருக்கிறார்கள். இன்று காலை வீடு விற்கும் ஏஜென்ட் ஒரு ட்ரோனை மேலே அனுப்பிக் கூரையைப் படம் பிடித்தார். அந்த இரைச்சல் கேட்டதும் யன்னலை விட்டு விலகிச் சுவரோடு ஒண்டிக்கொண்டேன். யாழ்ப்பாணத்துப் போர்க்காலப் பழக்கம். அப்படி நிற்கும்போதுதான் உங்கள் நினைவு வந்தது.

இங்கிலாந்திலிருந்து வந்த நீங்களும் நானும் ஒரே கணிதத் துறையில் அடுத்தடுத்த அறைகளில் இருந்தோம். உங்கள் வாழ்நாள் முழுவதும் ஒரே கேள்விதான்: பல புள்ளிகள் ஒன்றோடொன்று முட்டாமல் எத்தனை விதமாக நகரலாம்? அவற்றின் பாதைகள் எப்படி முறுகும் என்று காட்ட, எங்கள் பழைய அப்பார்ட்மென்டில் என் மகளுக்கு ஐந்துகால் பின்னல் பின்னிவிட்டீர்கள். அவள் அதை அவிழ்க்க விடாமல் இரண்டு நாள் பள்ளிக்கூடம் போனாள். "இதனால் எவருக்கும் ஒரு சதப் பிரயோசனமும் இல்லை," என்று நீங்கள் சொல்லும்போது முகத்தில் அப்படியொரு பெருமை. பூனை கண்ணை மூடிக்கொண்ட கதைதான். ஆனாலும் அந்த வீம்பு எனக்குப் பிடித்திருந்தது.

உங்கள் கடைசி வருடத்தில், போருக்கு ட்ரோன் செய்யும் ஒரு நிறுவனத்திலிருந்து உங்களைத் தேடி இருவர் வந்தார்கள். மரியாதையான ஆட்கள்; கதவைக்கூட மெதுவாகச் சாத்தினார்கள். அவர்கள் போனதும் என் அறை வாசலில் வந்து நின்றீர்கள். ஒருநாளும் போரைப் பற்றிக் கேட்காத நீங்கள், "ஹெலிகொப்டர் வந்தால் எந்தப் பக்கம் ஓடுவீர்கள்?" என்றீர்கள்.

"ஒன்றுதானே வரும், அதன் முதுகுப் பக்கமாக ஓடுவோம்."

"முட்டாமல் நூறு வந்தால்?"



அதன்பிறகு உங்கள் தேற்றத்தின் கடைசிப் படியை நீங்கள் அச்சுக்குக் கொடுக்கவேயில்லை. ஒருவருக்கும் சொல்லாமல் சாகவும் மனம் வரவில்லை போலும். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி எனக்கு வாயால் சொன்னீர்கள். எழுதவேண்டாம் என்றீர்கள்.

அந்த இருவரின் நிறுவனத்தில்தான் இப்போது என் மகளுக்கு வேலை. போன ஞாயிறு மத்தியானம் சாப்பாட்டு மேசையில் கேட்டாள். "அம்மா, அவரின்ரை லாஸ்ட் ஸ்டெப் உங்களுக்குத் தெரியும் தானே? உது வெறும் மெத்ஸ். நான் ஒருத்தரையும் சுடேல்லையே."

"எனக்குத் தெரியாது பிள்ளை."

"ஓகே. நானே கண்டுபிடிக்கிறன்."

கோப்பையைத் தள்ளிவைத்துவிட்டு எழுதத் தொடங்கினாள். நான் மேசையைத் துடைக்கிற சாட்டில் எட்டிப் பார்த்தேன். சரியான வழியில்தான் போகிறாள். இன்னும் இரண்டு வரிதான் மிச்சம். நீங்கள் சொன்னதை இன்றுவரை ஒருவருக்கும் சொல்லாமல் வைத்திருக்கிறேன். அவளுக்கு அது தேவைப்படப் போவதில்லை. எனக்குப் பயமாக இருந்தது. கோபிக்காதீர்கள், பெருமையாகவும் இருந்தது.