உன் கையெழுத்தை வாங்கிப் போனவன்

நண்பா,

இன்று காலை மேசை இழுப்பறையைச் சுத்தம் செய்யும்போது அடியில் ஒரு ரப்பர் ஸ்டாம்ப் கிடந்தது. ‘மலைப் புளி விவசாயிகள் நலச் சங்கம்’ என்று வட்டமாக எழுத்துகள். மை காய்ந்து வெடித்திருந்தது. அந்தச் சங்கத்துக்கு நீதான் தலைவர். அப்படி ஒரு சங்கம் ஒருநாளும் கூடியதில்லை என்பது உனக்குத் தெரிவதற்குள் எல்லாம் முடிந்துபோயிருந்தது.

ஜமுனாமரத்தூர் தாலுகா ஆபீஸ் பக்கத்தில் நான் டைப்பிங் கடை வைத்திருந்த காலத்தில், உங்கள் ஊருக்கு பஸ் கேட்டு மனு எழுத வந்தாய். “இன்னாபா, நாலு வரி போதுமா, பெருசா எழுதணுமா?” என்று கேட்டாய். எழுதிக் கொடுத்தேன். பஸ் வந்தது. முதல் நாள் அந்த பஸ்ஸிலேயே பலாப்பழத்தோடு என் கடைக்கு வந்து இறங்கினாய். அதற்குப் பிறகு உங்கள் ஊரில் எந்தத் தாளாக இருந்தாலும் நான் எழுதினால் சரி என்று ஆகிவிட்டது.

பிறகு மலைக்குக் கீழே புளி வியாபாரிகள் சங்கத்தில் எனக்கு வேலை கிடைத்தது. சென்னைக்குப் போய்வருவதுதான் வேலை. கோட்டையில் எந்த பைல் எந்த செக்‌ஷனில் இருக்கிறது, மந்திரியின் உதவியாளர் எத்தனை மணிக்கு வருவார், யாரிடம் யார் சொன்னால் நடக்கும் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி ஆனது.

அந்தச் சமயத்தில்தான் மலையில் அரசே புளி கொள்முதல் நிலையம் திறக்கப்போகிறது என்று பேச்சு வந்தது. பிஞ்சிலேயே மரத்தை அடிமாட்டு விலைக்குப் பேசி முடித்துவிடும் வியாபாரிகளுக்கு அது பேரிடி. சங்கச் செயலாளர் என்னைக் கூப்பிட்டார். “நாம போய் வேணாம்னா, வியாபாரி அப்படித்தான் சொல்லுவான்னு தூக்கிப் போட்டுடுவாங்க. மலைக்காரங்களே வேணாம்னு சொல்லணும்” என்றார். மறுநாளே மலை விவசாயிகள் பெயரில் லெட்டர்பேடும் ஸ்டாம்பும் தயார்.

நான் வந்தபோது நீ மரத்தின் மேல் புளி உலுக்கிக்கொண்டிருந்தாய். இறங்கி வந்து, “சாப்ட்டுதான் போவணும்” என்றாய். சாமைச் சோறு போட்டாய். சாப்பிட்டு முடித்ததும் தாளை நீட்டினேன்.

“இன்னா இது?”

“சங்கம் ஆரம்பிக்கறோம். நீதான் தலைவர்.”

“நானா?” என்று சிரித்தாய். கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டாய். உனக்குப் படிக்கத் தெரியும். ஆனால் படிக்கவில்லை. அதோடு விடாமல், வீடு வீடாக என்னைக் கூட்டிப்போய், “நம்மாளு எழுதினதுதான், போடுங்க” என்று ஊரையே போடவைத்தாய்.

கோட்டையில் அதிகாரி அந்த மனுவை இரண்டு முறை படித்தார். “இவங்களே வேணாங்கறாங்களா?” என்று கேட்டார். “ஆமாங்கய்யா” என்றேன். ஓரத்தில் ஏதோ எழுதி பைலை மூடினார். அந்த ‘ஆமா’ என்ற ஒரு சொல்லுக்குத்தான் வியாபாரிகள் அத்தனை நாள் என்னை அலையவிட்டிருந்தார்கள்.

குறைதீர் கூட்டத்தில் கொள்முதல் நிலையம் என்ன ஆயிற்று என்று கேட்க எழுந்தவனே நீதான். “நீங்கதானே வேணாம்னு எழுதிக் கொடுத்தீங்க” என்று அதிகாரிகள் நகலை எடுத்துக் காட்டினார்களாம். ஊரே அங்கே இருந்திருக்கிறது. நீ அதைக் கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டு, “என் கையெழுத்துதான்” என்று மட்டும் சொல்லி உட்கார்ந்துவிட்டாய். உன்னை நம்பிக் கையெழுத்துப் போட்டவர்கள், வியாபாரியிடம் நீ விலைபோய்விட்டதாக நினைத்தார்கள். அதற்குப் பிறகு ஊர்க்கூட்டத்துக்கு உன்னைக் கூப்பிடவே இல்லை.

ஒரு மதியம் மலையிறங்கி, சந்தவாசலில் இருந்த என் வீட்டுக்கு வந்தாய். சண்டை போடுவாய் என்று நினைத்தேன்.

“படிச்சிக் காட்டியிருக்கலாமே” என்றாய்.

“காட்டியிருந்தா நீ போட்டிருக்க மாட்டே.”

“ஆமா” என்றாய். என் மனைவி கொடுத்த காபியைக் குடித்து முடித்து, அவளிடம் மட்டும் “வர்றேம்மா” என்று சொல்லிவிட்டுப் போனாய். அதற்குப் பிறகு நீ இந்தப் பக்கம் வரவில்லை. காய்ச்சலில் நீ போய்விட்டாய் என்று கேள்விப்பட்டு வந்தபோது, உன்னை அடக்கம் செய்த இடத்தில் பத்துப்பேர்கூட இல்லை. அப்போதும் நான் வாய் திறக்கவில்லை.

சொன்னேன், ஒரு வருடம் கழித்து. வேலையை விட்டுவிட்டு உங்கள் ஊருக்கு வந்து, எல்லாரையும் வைத்துக்கொண்டு சொன்னேன். யாரும் என்னை அடிக்கவில்லை. உன் மனைவிதான் கேட்டாள்: “அவரு இருக்கும்போது வந்து சொல்லியிருக்கலாம் இல்லீங்க?”

நிலையம் வேண்டும் என்று புதிதாக மனு எழுதினோம். பழைய மனு பொய், எழுதியவன் நான் என்றும் அதிலேயே எழுதினேன். உன் மனைவி ஒவ்வொரு வரியிலும் விரல் வைத்துப் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டாள். கோட்டைக்கு நானே கொண்டுபோனேன். முன்பு நேராக உள்ளே போன அதே கதவுக்கு வெளியே மூன்று நாள் உட்கார்ந்திருந்தேன். “பார்க்கலாம்” என்றார்கள். இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். இந்த வருடமும் உங்கள் ஊர் மரங்களைப் பிஞ்சிலேயே பேசி முடித்துவிட்டார்கள்.

அந்தக் கூட்டத்தில் நீ என்னைக் காட்டிக்கொடுத்திருக்கலாம். உன் மானம் தப்பியிருக்கும், நானும் அன்றைக்கே உண்மையைச் சொல்லித் தீர்த்திருப்பேன். நீ சொல்லாமல் விட்ட என் பெயரை நான்தான் சுமந்துகொண்டிருக்கிறேன்.