சிவந்த ஈஸ்ட்

இஞ்சாருங்கோ,

சோற்றுப் பார்சலுக்கு அடியில் இதை வைக்கிறேன். வாசித்ததும் கிழித்துவிடுங்கள்.

பிழை என்னுடையது. ஆய்வுகூடத்தைப் பூட்டுகிறார்கள் என்று நான் ஈஸ்ட் வளர்த்த அந்தக் கண்ணாடித் தட்டுகளை உங்களிடம் தந்து, “கேட்டால் பாண் போடுற ஈஸ்ட் எண்டு சொல்லுங்கோ” என்றேன். பேக்கரிப் பாண் ஈஸ்ட் வெள்ளை, என்னுடையது சிவப்பு. ஆறாயிரம் மரபணுக்களில் ஒன்றை நான் நீக்கியதால் வந்த நிறம் அது. கொட்டாஞ்சேனைச் சோதனைச் சாவடியில் அதை வெடிமருந்து என்று சொல்லி உங்களைப் பிடித்தார்கள். உங்கள் பெயர் வேறாக இருந்திருந்தால் தட்டைத் திறந்தே பார்த்திருக்கமாட்டார்கள்.

இன்று ஸ்டேசன் பெரியவரின் மேசையில் புதுத் தட்டொன்றை வைத்தேன். ஒரு பாதியில் சாதாரண ஈஸ்ட், மறுபாதியில் மரபணு நீக்கியது. இப்போது இரண்டும் வெள்ளை. நாலு நாளில் ஒரு பாதி மட்டும் சிவக்கும் என்றேன்.

“சிவக்காட்டி, மிஸ்?”

“என்னையும் பிடியுங்கோ.”

“உள்ளே இடம் இருக்கு” என்று சிரித்தார்.

சிங்களத்தில் எழுதிய வாக்குமூலத்தை நீட்டுவார்கள். அடிப்பார்கள் என்றும் தெரியும். தெரிந்துதான் கேட்கிறேன்: நாலு நாள் கையெழுத்துப் போடாதீர்கள்.

அவசரத்தில், எந்தப் பாதியில் எது என்று தட்டில் எழுத மறந்துவிட்டேன். பரவாயில்லை, அதுவே சொல்லும்.

அதுவரை ஸ்டேசன் வாசலில் நிற்கும்,
உங்கள் மனைவி